நூலகத்துக்குக் கைபேசி வழியே போவது எப்படி? குமரி மாவட்டத்துப் புதியவர்களுக்கு

கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கிய கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலகக் கட்டணம் என்று ஒரு வரி அதில் இருக்கும். வீட்டு வரியோடும் நூலக வரி என்று ஒன்று சேர்கிறது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலகங்களுக்குப் போகிறது. ஆக, அகஸ்தீஸ்வரத்திலோ அருமனையிலோ இருக்கிற ஒரு குடும்பம் தெரிந்தோ தெரியாமலோ நூலகத்துக்கு வருடாவருடம் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு அலமாரியில் இருக்கும் புத்தகம் மட்டும்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இன்று அதில் நிறைய இணையத்தில் இருக்கிறது. எந்த வாசல் வழியாகப் போவது என்று சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை.

முதலாமாண்டு மாணவர்கள், புதிதாக ஆய்வுக்குப் பதிவு செய்தவர்கள், டிஎன்பிஎஸ்சிக்குப் படிப்பவர்கள், படிப்பு முடிந்த பிறகும் வாசிக்க ஆசை விடாதவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

எதையும் தேடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்கு யார் பணம் கட்டியிருக்கிறார்கள்? அரசோ தன்னார்வலர்களோ கட்டியிருந்தால் அது எல்லோருக்கும் திறந்திருக்கும். உங்கள் கல்லூரியோ பல்கலைக்கழகமோ கட்டியிருந்தால், நீங்கள் அந்தக் கல்லூரி ஆள்தான் என்று நிரூபிக்க லாகின் வேண்டும். உங்களுக்காக யாருமே கட்டவில்லை என்றால்தான் பதிப்பாளரின் தளம் டாலரில் விலை சொல்லும். புதியவர்கள் செய்வது என்னவென்றால், கூகுளில் தேடி நேராக அந்த மூன்றாவது இடத்தில் போய் முட்டிக்கொண்டு திரும்பிவிடுவது. அதே கட்டுரைக்குக் கல்லூரி ஏற்கெனவே பணம் கட்டியிருக்கும். ஆனால் நீங்கள் யார் என்று அந்தத் தளத்துக்குத் தெரியாது.

முதலில் கையில் இருக்க வேண்டியவை

கல்லூரி அடையாள அட்டை எண், பதிவு எண், மாறாத ஒரு மின்னஞ்சல் முகவரி. கல்லூரியே மின்னஞ்சல் கொடுத்திருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பல தளங்கள் அதை வைத்துத்தான் உங்களை அடையாளம் காண்கின்றன. அண்ணன் மின்னஞ்சல், பிரவுசிங் சென்டர்காரர் உருவாக்கிக் கொடுத்த மின்னஞ்சல் இதெல்லாம் வேண்டாம். பாஸ்வேர்டு மறந்துபோகும் நாளில் அவரைத் தேடி வடசேரிக்கும் மார்த்தாண்டத்துக்கும் அலைய வேண்டி வரும். ஆதாரோடு இணைத்த கைபேசி எண் உயிரோடு இருக்க வேண்டும். கைபேசியில் தமிழ் யூனிகோடு விசைப்பலகை வேண்டும். ஏன் என்று அடுத்த பகுதியில் வரும்.

பொது நூலகத்திலும் உறுப்பினராகிவிடுங்கள். நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் இருக்கிறது. அதன்கீழ் கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் மாவட்டம் முழுக்க உண்டு. முகவரிச் சான்றோடு போய்ச் சிறிய வைப்புத்தொகையும் சந்தாவும் கட்டினால் போதும். வெளிமாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் தங்கியிருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம். உள்ளே உட்கார்ந்து வாசிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை.

பட்டியலில் தேடுவது

நூலகத்தில் என்னென்ன புத்தகங்கள் இருக்கின்றன என்று காட்டும் இணையப் பட்டியலை நூலகர்கள் ஓபேக் என்பார்கள். பல கல்லூரிகளில் இதற்குப் பின்னால் ஓடுவது கோஹா என்ற மென்பொருள். நியூசிலாந்தில் ஒரு சிறிய நூலக அமைப்புக்காக எழுதப்பட்டு, 2000ஆம் ஆண்டிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய கட்டற்ற மென்பொருள் அது. உரிமக் கட்டணம் கிடையாது, தமிழ் எழுத்தையும் ஏற்றுக்கொள்ளும். சில கல்லூரிகளின் ஓபேக் வளாகத்துக்குள் மட்டும்தான் திறக்கும், சிலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். கல்லூரி இணையதளத்தில் நூலகம் என்ற பக்கத்தில் இணைப்பு இல்லாவிட்டால் நூலகரிடம் முகவரி கேட்டு வாங்கி, கைபேசியின் முகப்புத் திரையில் போட்டுவையுங்கள்.

ஓபேக்கில் தேடும்போது நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் எழுத்துக்கூட்டல். "தேடினேன், இல்லை" என்று வருகிறவர்கள் தேடிய புத்தகம் பெரும்பாலும் அலமாரியில்தான் இருக்கும். பல நூலகங்களில் தமிழ்ப் புத்தகங்களின் தலைப்பை ஆங்கில எழுத்தில் பதிவு செய்திருக்கிறார்கள். ழகரத்துக்கு ஒருவர் இசட்டும் ஹெச்சும் போட்டிருப்பார், இன்னொருவர் வெறும் எல் போட்டிருப்பார். 'சாமி' என்பதை ஒருவர் டபிள்யூ சேர்த்து எழுதியிருப்பார், இன்னொருவர் சேர்க்காமல் எழுதியிருப்பார். கடைசியில் ஐ போட்டவரும் உண்டு, ஒய் போட்டவரும் உண்டு. அதனால் முழுத் தலைப்பையும் அடிக்காதீர்கள். தலைப்பிலுள்ள ஒரே ஒரு அழுத்தமான சொல், அல்லது ஆசிரியர் பெயரில் ஒரு பகுதி, அவ்வளவு போதும். ஆங்கில எழுத்தில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை, எழுத்துக்கூட்டலை மாற்றி இன்னொரு முறை தேடிப் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்று முடிவு செய்ய வேண்டும்.

தமிழில் அடித்தாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. கொ என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ஒகரக் குறியை ஒரே குறியீடாக வைத்து ஒரு விதம், கெ என்று வைத்துப் பின்னால் துணைக்காலைத் தனியாகச் சேர்த்து மற்றொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் மென்பொருள் சரியாக அமைக்கப்படாத இடத்தில் ஒன்றைத் தேடினால் மற்றொன்று கிடைக்காது. ஔ என்ற எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டெழுத்தாக அடித்த பதிவுகளும் ஏராளம். ஸ்ரீ என்ற எழுத்தையும் யூனிகோடில் இருவகையாக எழுத வழியுண்டு. இதற்கெல்லாம் வாசகர் பொறுப்பில்லை, ஆனால் அவதி வாசகருக்குத்தான். இப்படிப்பட்ட எழுத்து வராத வேறொரு சொல்லைத் தேர்ந்தெடுத்துத் தேடுவதுதான் சுருக்கு வழி.

ஊர்ப் பெயர்கள் இன்னொரு தலைவலி. நாகர்கோவில், நாகர்கோயில் இரண்டும் புழக்கத்தில் இருக்கின்றன. கன்னியாகுமரியை ஆங்கிலத்தில் ஓர் என் போட்டு எழுதுவோரும் இரண்டு போடுவோரும் உண்டு. பழைய நூல்களில் கேப் கொமரின் என்றிருக்கும். குளச்சல் போரைப் பற்றி ஆங்கில நூல் தேடினால் கே எழுத்தில் தொடங்காதீர்கள். ஐரோப்பியர்கள் எழுதிய நூல்களில் குளச்சல் சி எழுத்தில்தான் தொடங்கும். 1741இல் திருவிதாங்கூருக்கும் டச்சுக்காரர்களுக்கும் நடந்த போர் அது. டச்சுக்காரர்கள், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர், டச்சுத் தளபதி டிலனாய் என்று தேடு சொல்லை மாற்றினால் இன்னும் அதிகம் கிடைக்கும்.

புத்தகம் கிடைத்துவிட்டால் அதன் பக்கத்தில் ஓர் எண் தெரியும். அதுதான் அழைப்பெண், அலமாரியில் அதன் இடம். குறித்துக்கொள்ளுங்கள், அல்லது திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். புத்தகங்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டியூயி முறையைப் பின்பற்றும் நூலகமானால் தமிழ் இலக்கியம் 894.811இல் இருக்கும். தமிழ்நாட்டு வரலாறு 954.82, கேரள வரலாறு 954.83. குமரி மாவட்ட வரலாறு படிக்கிறவர்கள் இந்த இரண்டு அலமாரிகளையும் பார்க்க வேண்டும். 1956 நவம்பர் 1இல் தமிழகத்தோடு சேரும்வரை இந்த மண் முதலில் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதனால் பழைய புத்தகங்கள் 954.83இல் போய் உட்கார்ந்திருக்கும்.

புத்தகம் வெளியே போயிருந்தால் முன்பதிவு செய்யும் வசதி பல ஓபேக்குகளில் உண்டு. திருப்பித் தரும் தேதியை வீட்டிலிருந்தே நீட்டிக்கவும் சில இடங்களில் முடியும். லாகின் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். மழைக்காலத்தில் பேச்சிப்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு புத்தகத்தைப் புதுப்பிக்கப் பஸ் ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது இந்திய நூலகவியலின் முன்னோடியான சீர்காழிக்காரர் ரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளில் நான்காவது. அவர் சொன்னதற்கு இன்றைய அர்த்தம் இதுதான் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மறக்க வேண்டாம். பழைய கல்லூரி நூலகங்களில் எல்லாப் புத்தகங்களும் கணினிக்குள் ஏறியிருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஓபேக்கில் இல்லாதது அலமாரியில் இருக்கலாம்.

கல்லூரி பணம் கட்டிய இதழ்கள்

குஜராத்தின் காந்திநகரில் இன்ஃபிளிப்நெட் என்ற மையம் இருக்கிறது; பல்கலைக்கழக மானியக் குழுவின் கீழ் இயங்குவது. கல்லூரிகளுக்காக அது நடத்தும் திட்டம் என்-லிஸ்ட். கல்லூரி உறுப்பினராக இருந்தால் அங்குள்ள மாணவர், ஆசிரியர் எல்லோரும் ஆயிரக்கணக்கான ஆய்விதழ்களையும் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னூல்களையும் வாசிக்கலாம். நீங்களாகவே போய்ப் பதிவு செய்ய முடியாது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கல்லூரியில் இதற்குப் பொறுப்பான ஒருவர், பெரும்பாலும் நூலகர், உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் ஏற்ற வேண்டும். அப்புறம் உங்களுக்குப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் மின்னஞ்சலில் வரும். ஸ்பாம் பெட்டியையும் பாருங்கள்; பல நேரம் அங்கேதான் விழுந்து கிடக்கும்.

ஆகவே முதல் வாரத்திலேயே நூலகரிடம் போய், "சார், நம்ம காலேஜ் என்-லிஸ்ட்ல இருக்கா? என் பேரையும் சேர்க்க முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். கேட்கிறவர்கள் குறைவு. கேட்கிறவர் வந்தால் நூலகர்களுக்குச் சந்தோஷம்தான்.

பல்கலைக்கழகத் துறைகளிலும் பெரிய நிறுவனங்களிலும் ஏற்பாடு வேறு. வளாகத்து இணைய இணைப்புக்கு ஒரு முகவரி எண் இருக்கும். அந்த எண்ணிலிருந்து வருகிறவர்களைப் பதிப்பாளரின் தளம் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விடும். அதனால்தான் வளாக வைஃபையில் திறக்கும் கட்டுரை வீட்டுக்குப் போனதும் மூடிக்கொள்கிறது. வெளியிலிருந்து வாசிப்பதற்கு இன்ஃபெட் என்ற ஏற்பாடு இருக்கிறது. பதிப்பாளர் தளத்தில் நிறுவனம் வழியாக உள்நுழைக என்ற பொருளில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, பட்டியலில் உங்கள் நிறுவனத்தின் பெயரைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் நிறுவனத்தின் லாகின் பக்கம் வரும். கல்லூரி தந்த பயனர் பெயரை அங்கே போட வேண்டும். பதிப்பாளரிடம் நீங்கள் தனியாகக் கணக்குத் தொடங்கினால் அது வேறு கணக்கு, அதற்கு எதுவும் திறக்காது.

2025 ஜனவரி 1 முதல் ஒரே நாடு ஒரே சந்தா என்ற திட்டமும் வந்திருக்கிறது. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் உயர்கல்வி நிறுவனங்களுக்காக 30 பதிப்பாளர்களின் ஏறத்தாழ 13,000 இதழ்களுக்கு மத்திய அரசே மொத்தமாகச் சந்தா கட்டுகிறது. குமரி மாவட்டத்தில் அரசு உதவி பெறும் கல்லூரிகளும் சுயநிதிக் கல்லூரிகளும்தான் அதிகம். உங்கள் கல்லூரிக்கு இதில் எது பொருந்தும் என்பதை நூலகரிடம் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்ள வேண்டும். அரசு நிறுவனத்தில் படிக்கிற நண்பர் காட்டும் கட்டுரை உங்களுக்குத் திறக்கவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. லாகின் கிடைத்த உற்சாகத்தில் ஒரு இதழின் எல்லா இலக்கங்களையும் ஒரே இரவில் இறக்கிவைக்கப் பார்க்காதீர்கள். பதிப்பாளரின் கணினி அதைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு மொத்தக் கல்லூரிக்கும் வாசலை அடைத்துவிடும். பாஸ்வேர்டை நண்பர்களுக்குக் கொடுப்பதும் அந்த வகைதான்.

ஆய்வேடுகள்: ஷோத்கங்கா

எனக்கு மிகவும் பிடித்த வாசல் இது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகளை ஒரே இடத்தில் வைத்திருக்கும் களஞ்சியம் ஷோத்கங்கா. இதுவும் இன்ஃபிளிப்நெட் நடத்துவதுதான். ஆய்வேட்டை மின்வடிவிலும் தர வேண்டும் என்று 2009இல் மானியக் குழு விதி கொண்டுவந்தது. அதிலிருந்து லட்சக்கணக்கில் சேர்ந்துவிட்டன. லாகின் வேண்டாம், பணம் வேண்டாம், மாணவராகக்கூட இருக்க வேண்டாம். ரப்பர் பால் வெட்டுவோர், கட்டுமர மீனவர், தோவாளைப் பூச்சந்தை, நாஞ்சில் நாட்டுக் குளங்கள் என்று நம்மூர் விஷயங்கள் எதைப் பற்றியும் முதலில் இங்கே தேடிப் பார்ப்பது நல்லது.

தேடும்போது பல்கலைக்கழகத்தைக் கவனியுங்கள். இப்போது குமரி மாவட்டக் கலை அறிவியல் கல்லூரிகள் திருநெல்வேலியிலுள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருக்கின்றன. அது 1990இல்தான் தொடங்கியது. அதற்கு முன்னால் 1966இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகம். ஆகவே பழைய ஆய்வேடுகளுக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் தொகுப்பிலும் பார்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் இருக்கும் கேரளப் பல்கலைக்கழகத்தின் தொகுப்பையும் விட்டுவிடாதீர்கள். தென் திருவிதாங்கூர் என்ற பெயரில் நம் ஊர்கள் அங்கே ஒளிந்திருக்கும்.

ஷோத்கங்காவில் ஓர் ஆய்வேடு ஒரே கோப்பாக இருக்காது. முகப்பு, சான்றிதழ், பொருளடக்கம், ஒவ்வோர் இயல், துணைநூற்பட்டியல் என்று தனித்தனி பிடிஎஃப் கோப்புகளாக இருக்கும். புதியவர்கள் முதல் இயலைத் திறந்து பொதுவான முன்னுரையைப் படித்துச் சலித்துப்போகிறார்கள். நான் சொல்வது தலைகீழ் வரிசை. முதலில் பொருளடக்கம். அடுத்து கடைசியிலுள்ள துணைநூற்பட்டியல். இன்னொருவர் ஆண்டுக்கணக்கில் தேடிச் சேர்த்த பட்டியல் அது, உங்களுக்கு ஒரே சொடுக்கில் வந்துவிடுகிறது. பிறகுதான் தேவையான இயல். சில தமிழ் ஆய்வேடுகள் வெறும் படங்களாக ஸ்கேன் செய்யப்பட்டவை. சில யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. அவற்றுக்குள் சொல்லைத் தேட முடியாது, நகலெடுத்து ஒட்டினால் புரியாத எழுத்துகள் வரும். பொறுமையாகக் கண்ணால்தான் வாசிக்க வேண்டும்.

வரிகளை எடுத்தாண்டால் ஆதாரம் சொல்ல வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2018ஆம் ஆண்டின் மானியக் குழு விதிப்படி ஆய்வேட்டில் ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதத்தைத் தாண்டினால் கேள்வி வரும். சரிபார்க்கும் மென்பொருள் பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. ஏஐ செயலிகளிடம் நூற்பட்டியல் கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அவை இல்லாத புத்தகத்துக்கும் ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் சொல்லும். ஓபேக்கிலோ ஷோத்கங்காவிலோ கண்ணால் பார்க்காத எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

எல்லோருக்கும் திறந்தவை

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் முதலில் வரும். பழைய தமிழ் நூல்கள், இதழ்கள், ஓலைச்சுவடிகள் வரை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறார்கள். மதுரைத் திட்டம் 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்துவரும் தொகுப்பு; படமாக இல்லாமல் எழுத்தாக இருப்பதால் உள்ளே சொல் தேடலாம், கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், கோப்பும் சிறியது. மலையோரத்தில் சிக்னல் ஒற்றைக் கம்பியில் நிற்கும் ஊர்களுக்கு இதுதான் ஏற்றது. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் பல இருக்கின்றன. காரக்பூர் ஐஐடி உருவாக்கிய இந்தியத் தேசிய மின்னூலகம் பள்ளிப் பாடம் முதல் ஆய்வுக் கட்டுரை வரை பல களஞ்சியங்களை ஒரே இடத்தில் தேட உதவும். புத்தகம் பெரும்பாலும் வேறு தளத்தில்தான் இருக்கும். இது வழிகாட்டி விட்டுவிடும். போட்டித் தேர்வர்களுக்குத் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் பள்ளிப் பாடநூல்கள் பிடிஎஃப் வடிவில் இலவசம். காசு கொடுத்து ஜெராக்ஸ் எடுக்கும் முன் அங்கே பாருங்கள்.

"இந்தப் புத்தகம் மட்டும் ஏன் இணையத்தில் இல்லை?" என்று பலர் கேட்பார்கள். காரணம் காப்புரிமை. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை அவர் எழுத்துக்கு உரிமை உண்டு. இறந்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரியிலிருந்து கணக்கு. தேரூர்க்காரரான கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை 1954இல் மறைந்தார். அவர் கவிதைகள் 2015 முதல் எல்லோருக்கும் சொந்தம். பூதப்பாண்டி தந்த ஜீவானந்தம் 1963இல் மறைந்தார். அவர் எழுத்துக்கு 2024இலிருந்து தடையில்லை. நாகர்கோவிலில் வாழ்ந்த சுந்தர ராமசாமி 2005இல் மறைந்தார்; அவர் நூல்களுக்கு 2065 முடியும்வரை உரிமை இருக்கிறது. டெலிகிராமில் சுற்றும் பிடிஎஃப்பை விடுங்கள். மாவட்ட மைய நூலகத்தில் சுந்தர ராமசாமியைக் கேட்டால் எடுத்துத் தந்துவிடுவார்கள்.

1956க்கு முந்திய குமரியைத் தேடுபவர்களுக்கு

உள்ளூர் வரலாறு எழுத ஆசைப்படுவோர் நம் மாவட்டத்தில் நிறைய. அவர்கள் சென்னையை நோக்கியே பார்க்கிறார்கள். அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956இல் சேர்ந்தபோது மனிதர்கள் வந்தார்கள், நிலம் வந்தது. பழைய ஏடுகள் பெரும்பாலும் திருவனந்தபுரத்திலேயே தங்கிவிட்டன. பத்மநாபபுரம் அரண்மனையையே இன்றும் கேரள அரசுதான் பார்த்துக்கொள்கிறது.

எனவே இரண்டு இடங்கள். ஒன்று, 1829இல் தொடங்கிய கேரள மாநில மைய நூலகம், திருவனந்தபுரம் பாளையத்தில் இருக்கிறது. பழைய அரிய நூல்களை மின்னாக்கம் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். இன்னொன்று கேரள மாநில ஆவணக் காப்பகம். அங்கே நேரில் போக வேண்டியிருக்கும். போவதற்கு முன் இணையத்தில் பார்த்து, எந்த ஆவணம், எந்த ஆண்டு என்று எழுதி எடுத்துக்கொண்டு, கல்லூரியிலிருந்து அறிமுகக் கடிதமும் வாங்கிக்கொண்டால் வேலை ஒரே நாளில் முடியும். நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

இன்டர்நெட் ஆர்கைவ் தளத்தில் திருவிதாங்கூர் அரசு வெளியிட்ட பழைய அறிக்கைகள், கல்வெட்டுத் தொகுதிகள், 1906இல் நாகம் ஐயா தொகுத்த மாநிலக் கையேடு போன்றவை இலவசமாகக் கிடைக்கும். தேடுசொல் திருவிதாங்கூரின் ஆங்கிலப் பெயரான டிராவன்கோர்தான். கன்னியாகுமரி என்று அடித்தால் கோயில் படங்கள்தான் வரும். மலையாளம் வாசிக்கத் தெரிந்தவர்கள் விளவங்கோட்டுப் பக்கம் நிறைய இருப்பார்கள். அவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டால் இன்னும் ஒரு கதவு திறக்கும்.

பல்கலைக்கழக வேலைகள்

தேர்வு முடிவு, ஹால் டிக்கெட், கட்டணம், சான்றிதழ் விண்ணப்பம் எல்லாம் இப்போது இணையத்தில்தான். இதில் விளக்கிச் சொல்ல அதிகமில்லை. தளம் சொல்வதைச் செய்தால் போதும். தளம் அசல்தானா என்று மட்டும் பாருங்கள். இந்தியக் கல்வி நிறுவனங்களின் முகவரி பெரும்பாலும் ஏசி டாட் இன் அல்லது எடு டாட் இன் என்று முடியும். அரசுத் துறைகளுடையது ஜிஓவி டாட் இன் என்று முடியும். முடிவு வெளியாகும் நாளில் கூகுளில் மேலே வந்து நிற்கும் விளம்பரத் தளங்களில் பதிவு எண்ணையும் கைபேசி எண்ணையும் கொடுக்காதீர்கள்.

டிஜிலாக்கர் கணக்கு ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். அரசும் பல்கலைக்கழகமும் அதில் நேரடியாக ஏற்றும் மதிப்பெண் பட்டியல் சட்டப்படி அசலுக்குச் சமம். நீங்களே படமெடுத்து ஏற்றியது அப்படி அல்ல. படித்த பாடங்களுக்கான கிரெடிட்களைச் சேர்த்துவைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கும் இதன் வழியாகத்தான் வரும். இங்கே பலருக்கும் முட்டுவது பெயர். மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்து பின்னால் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும், ஞானஸ்நானப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் மூன்று சான்றிதழில் மூன்று விதமாக இருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். முதலாமாண்டிலேயே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி மற்றவற்றைத் திருத்திவிட்டால் நல்லது. கடைசி ஆண்டில் வேலைக்கான நேர்காணலுக்கு நடுவில் இ-சேவை மையத்தில் வரிசை நிற்பது கொடுமை.

அச்செழுத்தை வாசிக்க முடியாதவர்களுக்கு

பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கும், வேறு காரணங்களால் அச்சுப் புத்தகத்தை வாசிக்க இயலாதவர்களுக்கும் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 முதல் இருக்கிறது. உறுப்பினரானால் ஒலி நூல்களையும் கணினி வாசித்துக்காட்டும் நூல்களையும் பிரெயில் கோப்புகளையும் இறக்கிக்கொள்ளலாம். தமிழ் நூல்களும் உண்டு. இதில் காப்புரிமைச் சிக்கல் இல்லை. இப்படிப்பட்ட வாசகர்களுக்காக நூலை வேறு வடிவத்துக்கு மாற்ற இந்தியக் காப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது; இதற்கான மாராகேஷ் உலக ஒப்பந்தத்தை 2014இல் முதலில் ஏற்ற நாடும் இந்தியாதான். திரையை வாசித்துக்காட்டும் என்விடிஏ மென்பொருள் இலவசம். ஆண்ட்ராய்டு கைபேசியிலும் அணுகல் அமைப்புகளுக்குள் டாக்பேக் இருக்கிறது, தமிழ்க் குரலும் கிடைக்கிறது. கல்லூரி ஓபேக்கிலோ விண்ணப்பப் பக்கத்திலோ பொத்தான்களைத் திரைவாசிப்பான் படிக்கவில்லை என்றால், எந்தப் பக்கம், எந்தப் பொத்தான் என்று எழுதி நூலகருக்கும் முதல்வருக்கும் அனுப்புங்கள். தளத்தைச் சரிசெய்வது அவர்கள் கடமை, சலுகை அல்ல.

கிடைக்காதபோது

எல்லாம் தேடியும் கிடைக்கவில்லையா? நூலகரிடம் கேட்பதுதான் கடைசி வழி என்று நினைக்க வேண்டாம். ஒரு மணி நேரம் தேடியும் கிடைக்காவிட்டால் கேட்டுவிட வேண்டும். வேறு நூலகத்திலிருந்து நகல் வரவழைக்க அவருக்கு வழிகள் உண்டு. நமக்குத் தெரியாத பதிவேடுகளும் தெரியும். ஆனால் "சார், குளச்சல் போர் பத்தி ஏதாவது இருக்கா" என்று கேட்டால் அவரும் பொதுவாகத்தான் பதில் சொல்வார். இப்படி எழுதுங்கள்:

"வணக்கம் மேடம். நான் முதுகலை வரலாறு முதலாமாண்டு. குளச்சல் துறைமுகத்தில் 1741க்குப் பிறகு நடந்த வணிகம் பற்றித் திட்டக்கட்டுரை எழுதுகிறேன். நம் ஓபேக்கில் குளச்சல், டச்சு, திருவிதாங்கூர் என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் தேடினேன். ஷோத்கங்காவில் கிடைத்த ஓர் ஆய்வேட்டின் நூற்பட்டியலில் இருந்து மூன்று கட்டுரைகள் தேவைப்படுகின்றன. ஆசிரியர், இதழ், ஆண்டு, பக்க எண் கீழே கொடுத்திருக்கிறேன். இரண்டை என்-லிஸ்ட்டில் பார்த்துவிட்டேன், இல்லை. மூன்றாவது எங்கே இருக்கும் என்றே தெரியவில்லை. அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் கிடைத்தால் போதும்."

பாடம், தேடிய இடம், தேடிய சொல், தேவைப்படும் நாள் நான்கும் இதில் இருப்பதால் அவர் முதல் நிமிடத்திலிருந்தே தேடத் தொடங்கலாம். கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்பதும் தவறில்லை. தன் கட்டுரையின் பிரதியைத் தனியாக ஒருவருக்கு அனுப்பப் பெரும்பாலான ஆய்வாளர்கள் தயங்குவதில்லை. ஒரு வாரம் பதில் வராவிட்டால் நூலகத்துக்கு நேரில் போய் அந்த மின்னஞ்சலைக் காட்டுங்கள். தேர்வு தொடங்கும் வாரத்தில் மட்டும் போக வேண்டாம், அப்போது அவருக்குத் தலைக்கு மேல் வேலை.